இரவல் கூடை

இரவு இரண்டு மணிக்கு மேல் கூத்துக் களரிக்குள் ஒரு குறத்தி வருகிறாள். இடுப்பில் கூடை, கையில் கோல், கழுத்தில் பாசிமணி. முன்னால் விரித்த பாயில் பிள்ளைகள் எப்போதோ தூங்கிப்போயிருப்பார்கள். பெரியவர்கள் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்காருவார்கள். கட்டியக்காரன் வழி மறிப்பான். எந்த மலை, என்ன தொழில், புருஷன் எங்கே, கூடைக்குள் என்ன என்று வரிசையாகக் கேட்பான். ஆர்மோனியக்காரர் சுருதியை ஏற்றுவார், மிருதங்கம் நடையைப் பிடித்துக்கொள்ளும், குறத்தி பாட ஆரம்பிப்பாள். தன் மலையின் வளம், தான் தின்னும் கிழங்கும் தேனும், குறி சொல்லியே சுற்றிவந்த தேசங்கள், ராஜாக்கள் தூக்கிக் கொடுத்த பரிசுகள் எல்லாம் அதில் வரும். வேலி கிடையாது, வரி கிடையாது, படி தாண்டக் கூடாது என்று சொல்ல மாமியார் கிடையாது. அப்படி ஒரு வாழ்க்கை.

கேட்கிற எல்லோருக்கும் தெரியும், இவள் குறத்தி இல்லை. வேஷம் மாறி வந்திருக்கும் பாஞ்சாலி. அந்தப் பாஞ்சாலியும், பகலெல்லாம் மல்லாட்டைக் கொல்லையில் நின்றுவிட்டு வந்த ஓர் ஆம்பளை.

செஞ்சி வட்டத்தில் அனந்தபுரத்தைச் சுற்றியும், கிழக்கே திண்டிவனம் வரையிலும், கோடை வந்துவிட்டால் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைப்பார்கள். பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரியில் கூத்து, கடைசியில் படுகளமும் தீமிதியும். இந்த வழிபாட்டை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டபைட்டல், 1988இல் வெளியிட்ட முதல் தொகுதிக்கே 'செஞ்சியிலிருந்து குருட்சேத்திரம் வரை' என்று துணைத்தலைப்பு வைத்தார். செஞ்சிக்குப் பக்கத்து மேலச்சேரிதான் அவருடைய வரைபடத்தின் நடுப்புள்ளி. இந்தப் பகுதிக் கூத்து மரபில் வில் வளைப்பு, துகில் உரிதல், அர்ச்சுனன் தபசு ஆகியவற்றோடு துரோபதை குறவஞ்சியும் ஒன்று. பாண்டவர் காட்டில் கிடக்கும் காலத்தில் பாஞ்சாலி குறத்தியாக வேஷம் போட்டு அத்தினாபுரம் போகிறாள். காந்தாரிக்கும் துரியோதனன் மனைவி பெருந்திருவாளுக்கும் கை பார்த்துக் குறி சொல்கிறாள். வியாசரிடம் இந்தக் கதையைத் தேடினால் கிடைக்காது. புகழேந்திப் புலவர் பேரில் வழங்கும் 'திரௌபதை குறம்' போன்ற பெரிய எழுத்துப் புத்தகங்களிலும் கூத்து வாத்தியார்களின் மனப்பாடத்திலும் வாழ்ந்த கதை இது.

ஊர் வாழ்க்கைக்குள் அடங்கியிருக்கிறவர்கள், ஊருக்குள் அடங்காதவர்களின் வாழ்க்கையை மேடையில் ஏற்றிப் பாடுவது உலகம் முழுக்க உள்ள பழக்கம். நியூயார்க்கில் 1996இல் அரங்கேறிய 'ரெண்ட்' இசை நாடகத்தில் முதல் பாதி முடியும் இடத்தில் வரும் பாட்டு ஒன்று இதற்குப் பேர் போனது. ஓட்டல் மேசைமேல் ஏறிக்கொண்டு ஒரு கூட்டம், தாங்கள் நேசிக்கும் எழுத்தாளர், இயக்குநர், சாப்பாடு, கெட்ட பழக்கம், மீறிய ஒழுங்கு எல்லாவற்றையும் பட்டியல் போட்டு மூச்சு விடாமல் கொண்டாடும். பக்கத்து மேசையில் கோட்டுப் போட்ட பெரிய மனிதர்கள் முகம் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். போகீமிய வாழ்க்கை என்பது பாட்டின் தலைப்பு. போகீமியன் என்பதே கடன் வாங்கிய பெயர்தான். ஊர் ஊராகச் சுற்றிய ரோமா மக்களைப் பிரெஞ்சுக்காரர்கள் போகீமியா நாட்டிலிருந்து வந்தவர்கள் என்று நினைத்து அப்படிக் கூப்பிட்டார்கள். பிறகு பாரிஸின் ஏழைக் கலைஞர்கள் அந்தப் பெயரைத் தாங்கள் எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். 1851இல் ஆன்றி முர்ஜே அதைப் புத்தகமாக்கினார். 1896இல் டூரின் நகரில் புச்சினி இசை நாடகமாக்கினார். சரியாக நூறு ஆண்டு கழித்து ஜோனதன் லார்சன் அதையே 'ரெண்ட்' ஆக்கினார். ரோமா மக்களின் மொழிக்கு வேர் இந்தியாவில் என்பது மொழியியலார் ஒப்புக்கொண்ட விஷயம். தமிழ்க் குறத்தியை ஆங்கிலத்தில் பெயர்ப்பவர்கள் பலரும் ஜிப்சி என்றே போடுகிறார்கள். சுற்றிச் சுற்றிச் சொல் கிளம்பின இடத்துப் பக்கமாகவே வந்து நிற்கிறது.

'ரெண்ட்'டின் பாட்டும் குறத்தியின் பாட்டும் உறவுக்காரர்கள் என்பதற்குப் பெரிய சான்று கதையில் இல்லை, வடிவத்தில் இருக்கிறது. இரண்டும் பட்டியல் பாட்டுகள். குறவஞ்சி இலக்கணத்தில் மலைவளம், நாட்டுவளம், சாதிவளம், குறி வளம் என்று இதற்குத் தனித்தனி இடமே உண்டு. பட்டியல் போடுவது எளிய உத்தி மாதிரித் தெரியும். ஆனால் சொத்துப் பத்திரம் இல்லாதவள் தன் சொத்தை எண்ணிக் காட்டுவதற்கு வேறு வழி ஏது? நிலத்துக்குச் சிட்டா இருப்பவன் பாட வேண்டிய அவசியம் இல்லை. குறத்தி பாடித்தான் மலையைத் தன்னுடையதாக்குகிறாள். இந்த வேர் மிகப் பழையது. குறுந்தொகையில் ஔவையார் பாடிய 23ஆம் பாட்டிலேயே குறி பார்க்கும் அகவன் மகள் வருகிறாள். தலைவனின் குன்றத்தைப் பாடச் சொல்லி அவளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்.

பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் மீனாட்சியம்மை குறம் பாடியபோது குறத்தி மட்டுமே பேசினாள். அடுத்த நூற்றாண்டில் மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியில் அதை முழு நாடகமாக விரித்தார். கட்டியக்காரன் வருவான். சாமி உலா வரும். வசந்தவல்லி பந்தாடுவாள், சாமியைப் பார்த்து மயங்குவாள். அப்புறம் சிங்கி வந்து மலையைப் பாடிக் குறி சொல்லிப் பரிசு வாங்குவாள். பிறகு சிங்கியைத் தேடிக்கொண்டு சிங்கன் வருவான். இந்தச் சட்டகம் எவ்வளவு நெகிழ்வானது என்பதற்கு வேதநாயக சாஸ்திரியாரின் பெத்லகேம் குறவஞ்சி ஒன்று போதும். அவர் சிங்கியை விசுவாசமாக்கினார், தேவமோகினியைச் சபையாக்கினார், மலைவளத்தில் வேதாகமத்து மலைகளைப் பாட வைத்தார். கூடை மட்டும் மாறவில்லை.

இதன் பலம் என்ன என்று முதலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் அது சின்னதல்ல. பழைய தமிழ் மேடையில் ஒரு பெண் தனியாக வந்து, யாரிடமும் அனுமதி கேட்காமல், தான் சம்பாதித்ததைத் தானே சொல்லிப் பெருமைப்படும் இடம் இது. வசந்தவல்லி வீட்டுக்குள் ஏங்கிக்கொண்டு கிடக்கிறாள். தோழி இல்லாமல் ஓர் அடி வைக்க முடியாது. சிங்கியோ பல தேசம் பார்த்தவள். அவள் சம்பாதிக்கிறாள், புருஷன் தேடிக்கொண்டு அலைகிறான். வள்ளியை முருகனுக்குக் கொடுத்த வீடு எங்கள் வீடு என்று சாமியையே மாப்பிள்ளை முறைக்கு இறக்கிவிடுகிறாள். பெரிய வீட்டுப் பெண் கையை நீட்டிக்கொண்டு நிற்க, தெருவில் வந்தவள் அந்தக் கையைப் பிடித்துப் பார்க்கிறாள். தீண்டுவதும் தீட்டுப்படுவதும் பெரிய விவகாரமாக இருந்த சமூகத்தில், இந்தத் தொடுகையை மேடையில் ஏற்றி, கூட்டத்தையும் ரசிக்க வைத்தது லேசுப்பட்ட காரியமா?

தாளமும் இதற்கு ஒத்துழைக்கிறது. தலைவிக்கு இழுத்து இழுத்துப் போகும் ராகம், குறத்திக்குத் துள்ளும் நடை. மேடைக்கு அவள் வந்ததும் கூத்தின் சூடு ஏறுவது இதனால்தான்.

ஆனால் ஒரு கேள்வியைத் தள்ளிப்போட முடியாது. இவ்வளவு சுதந்திரமாகப் பேசுகிறவள் கடைசியில் என்ன குறி சொல்கிறாள்? குற்றாலத்தில் அவள் சொல்வது, உன் மனத்தில் இருப்பவர் திரிகூடநாதர், அவரே வந்து சேருவார் என்பது. தஞ்சாவூரில் கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகர் எழுதிய சரபேந்திர பூபாலக் குறவஞ்சியில் அதே இடத்தில் மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி நிற்கிறார். மலையிலிருந்து இறங்கி வந்த அத்தனை திமிரும், சாமிக்கோ ராஜாவுக்கோ ஒரு விளம்பரமாக முடிகிறது. ஊருக்குள் அடங்காத குரல் என்று பார்த்தால், அரண்மனைக்குத்தான் முதலில் வாடகைக்குப் போயிருக்கிறது. குற்றாலத்தைப் பாடிய கவிராயருக்கு நிலம் கிடைத்ததாகவும், அந்த நிலத்துக்குக் குறவஞ்சிமேடு என்றே பேர் வந்ததாகவும் சொல்வழக்கு உண்டு. குறத்திக்கு நாடகத்துக்குள் கிடைத்தது பொன்னும் சேலையும். வெளியே ஒன்றும் இல்லை.

துரோபதை குறவஞ்சி இந்த இடத்தில்தான் தனியாக நிற்கிறது. இதில் குறத்தி அரண்மனைக்குள் போய்ச் சொல்வது, இந்த வீடு அழியப்போகிறது என்பதை. கை நீட்டுகிற பெருந்திருவாளுக்கு வரப்போவது தாலி இழப்பு. வாழ்த்த வேண்டிய வாய் சபிக்கிறது. எந்த ராஜா காசு கொடுத்து இதை எழுதச் சொல்வான்? ஊரார் வரி போட்டு நடத்துகிற பாரதத்தில், டிக்கெட் இல்லாத களரியில், விடியும் வரை உட்கார்ந்திருக்கும் கூலிக்காரர்கள் முன்னால்தான் இப்படி ஒரு குறத்தி பிறக்க முடியும். சங்கீத நாடகம் என்ற அளவில் முதல் இடத்தைக் குற்றாலக் குறவஞ்சிக்குக் கொடுக்கலாம். பாட்டின் நயத்தில் அதற்குக் கிட்டே எதுவும் வராது. நாடோடியின் குரலுக்கு எதிர்ப்பு என்ற வேலையைக் கொடுத்ததில் செஞ்சிப் பக்கத்துக் கூத்துதான் மேல்.

இன்னொரு நேர்மையும் அதில் உண்டு. அரசவைக் குறவஞ்சி தன் குறத்தியை நிஜக் குறத்தி என்று நம்பச் சொல்கிறது. கூத்து அப்படிச் சொல்வதில்லை. கட்டியக்காரன் கேட்கும் கேள்விகளே வேஷத்தை அவிழ்த்துப் பார்க்கும் கேள்விகள். ராணி எதற்காகக் கூடை தூக்கினாள் என்று பார்வையாளனுக்குத் தெரியும். நாடு போய், மானம் போய், காட்டுக்குத் துரத்தப்பட்ட ஒருத்திக்கு அரண்மனைக்குள் நுழைய மிச்சமிருக்கும் ஒரே உடுப்பு அது. குறத்தியின் வாழ்க்கை இனிமையானது என்று பாட்டு சொல்லும்போதே, இது இரவல் வாங்கிய இனிமை என்பதையும் நாடகம் சொல்லிவிடுகிறது. செஞ்சியைச் சுற்றி இருப்பவை உருட்டிப் போட்ட மாதிரிப் பாறைக் குன்றுகள். வெயில் காலத்தில் தொட்டால் சுடும். அவற்றுக்கு நடுவே அருவியும் தேனும் கொட்டும் மலையைப் பாடுகிறவர் ஒரு வேஷக்காரர். பாட்டுக்கும் சுற்றுப்புறத்துக்கும் நடுவில் இருக்கும் அந்தத் தூரத்தை அனந்தபுரத்துக்காரருக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

தஞ்சாவூர்ப் பக்கம் இந்த வேஷத்துக்கு இன்னொரு மடிப்பு இருந்தது. சரபேந்திர பூபாலக் குறவஞ்சியைப் பெரிய கோயிலில் ஆடியவர்கள் தேவரடியார்கள். குடும்பத்துப் பெண் என்ற வட்டத்துக்கு வெளியே வாழ்ந்தவர்கள், வட்டத்துக்கு வெளியே வாழும் குறத்தியை ஆடினார்கள். 1947இல் சென்னை மாகாணச் சட்டம் தேவதாசி முறையை ஒழித்தது. அதற்கு மூன்று ஆண்டு முன்பே, 1944இல், ருக்மிணி தேவி கலாக்ஷேத்திராவில் குற்றாலக் குறவஞ்சியை மேடையேற்றியிருந்தார். அங்கே குறத்தியின் ஆட்டம் துப்புரவாக்கப்பட்ட நாட்டுப்புறமாகியது. பரதநாட்டிய அரங்கில் குறவஞ்சி நாட்டார் கலைக்கும் செவ்வியல் கலைக்கும் நடுவே எப்படிப் பேரம் பேசியது என்பதை இந்திரா விசுவநாதன் பீட்டர்சன் விரிவாக எழுதியிருக்கிறார். இன்றும் பள்ளி ஆண்டுவிழாவில் ஒரு குறத்தி நடனம் இல்லாவிட்டால் நிகழ்ச்சி நிரல் நிறையாது. பிளாஸ்டிக் கூடை, வாடகைக் கடைப் பாவாடை, கன்னத்தில் மை கொண்டு மூன்று புள்ளி. பச்சை குத்துவது ஒரு சமூகத்தின் பிழைப்பாக இருந்தது என்பது ஆடுகிற பிள்ளைக்கும் தெரியாது, ஆட்டுவிக்கிற டீச்சருக்கும் பெரும்பாலும் தெரியாது.

சினிமா குழப்பத்தை இன்னும் கூட்டியது. 1968 ஒரு வேடிக்கையான வருஷம். பிப்ரவரி 28ஆம் தேதி, இதே விழுப்புரம் பக்கத்தில், எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத நகரம் என்று சொல்லிக்கொண்டு ஆரோவில் தொடங்கியது. 124 நாடுகளின் மண்ணைக் கொண்டுவந்து ஒரு தாழியில் போட்டார்கள். ஏப்ரலில் 'ஹேர்' என்ற ஹிப்பி இசை நாடகம் பிராட்வேக்கு வந்தது. செப்டம்பரில் எம்.ஜி.ஆரின் நூறாவது படம் 'ஒளிவிளக்கு' வந்தது. அதில் அவர் நரிக்குறவர் வேஷத்தில் ஆடிப் பாடுகிறார். திரையரங்கு ஆடித் தீர்த்தது. ஆனால் குறவர் வேறு, நரிக்குறவர் வேறு. நரிக்குறவர் பேசும் வாக்ரிபோலி இந்தோ-ஆரிய மொழி. ஊசிமணி பாசிமணி விற்பவர்கள் அவர்கள். குறத்திப் பாட்டின் குறிஞ்சி நிலத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தம் கிடையாது. மேடையும் படமும் இருவரையும் ஒரே பாசிமணியில் கோத்துவிட்டன. கேட்டால் கலை என்பார்கள்.

பாட்டு மறைக்கிற பங்கு இதைவிடப் பெரியது. குறவர்கள் கழுதையிலும் பொதிமாட்டிலும் உப்பும் தானியமும் ஏற்றிக்கொண்டு கடற்கரைக்கும் உள்நாட்டுக்கும் நடுவே வியாபாரம் செய்தவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயிலும் ஆங்கிலேயரின் உப்புக் கொள்கையும் அந்த வியாபாரத்தை உடைத்த கதையை மீனா ராதாகிருஷ்ணா ஆவணங்களோடு எழுதியிருக்கிறார். சுற்றுவது அவர்களுக்குப் பிழைப்பு. வியாபாரிக்கு வழித்தடம் இருப்பதைப் போல. அந்தப் பிழைப்பு போனதும், அதே சுற்றலைக் குற்றம் என்று சட்டம் சொன்னது. 1871இல் வடக்கே வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பெயர் பதிந்து, கைரேகை வாங்கி, ராத்திரியில் இருப்பிடம் தாண்டக் கூடாது என்று கட்டிப்போட்டார்கள். இங்கே 1947இலும், நாடு முழுக்க 1952இலும் சட்டம் நீங்கியது. இங்கே சட்டம் இருந்த அந்த முப்பது சொச்சம் ஆண்டுகளிலும் சபாவிலும் களரியிலும் குறத்தி தான் சுற்றிய தேசங்களைப் பாடிக்கொண்டுதான் இருந்தாள். மேடைக் குறத்திக்குத் தேசம் திறந்திருந்த நேரத்தில், நிஜக் குறத்தி போலீஸ் ஸ்டேஷனில் கைநாட்டு வைத்துக்கொண்டிருந்தாள்.

சட்டம் போனதும் சந்தேகம் போய்விடவில்லை. விழுப்புரத்துக்குத் தெற்கே, கம்மாபுரம் போலீஸ் ஸ்டேஷனில் 1993இல் ராஜாக்கண்ணு அடித்துக் கொல்லப்பட்ட வழக்கை வழக்கறிஞர் சந்துரு நடத்தினார். அதை வைத்து 2021இல் 'ஜெய் பீம்' படம் வந்தது. ராஜாக்கண்ணு குறவர் சமூகத்தவர். படத்தில் அவர் இருளராக மாறினார். அதனால் எழுந்த மனத்தாங்கல் நியாயமானது. மூன்று நூற்றாண்டாகக் குறவரைச் சிரிக்கவும் ஆடவும் மேடைக்குக் கூப்பிட்டவர்கள், அவர்கள் அழுத கதை வந்தபோது மட்டும் பெயரை மாற்றிவிட்டார்கள் என்றுதானே அவர்களுக்குத் தோன்றும்? படத்துக்கு ஒரு நியாயமும் இருந்தது. இருளர்களின் நிலையும் இந்த வட்டாரத்தில் அப்படித்தான். திண்டிவனத்தில் இருந்துகொண்டு பேராசிரியர் பிரபா கல்விமணி பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தை நடத்தி வந்திருக்கிறார். சாதிச் சான்றிதழுக்காகவும், பொய் வழக்குகளுக்கு எதிராகவும், செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் கொத்தடிமையாகக் கிடந்தவர்களுக்காகவும் அவர் அலைந்த அலைச்சல் எந்தக் குறத்தி சுற்றிய தேசத்துக்கும் குறைந்ததில்லை.

'ரெண்ட்'டின் மேலும் இதே வகைக் குறை சொல்லப்பட்டது. எய்ட்ஸால் செத்துக்கொண்டிருந்தவர்களும் வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவர்களும் வாழ்ந்த தெருவை அது கொண்டாட்டமாக மாற்றிவிட்டது என்று எழுத்தாளர் சாரா ஷுல்மன் 1998இல் ஒரு புத்தகமே எழுதினார். பிராட்வேயில் பன்னிரண்டு ஆண்டு, 5,123 காட்சி ஓடிய நாடகம் அது. வாடகை கட்ட மாட்டோம் என்று பாடுகிற நாடகத்துக்கு டிக்கெட் விலை பெரிய இடத்து விலை. அந்த முரண் தயாரிப்பாளர்களுக்கே உறுத்தியிருக்க வேண்டும். முன் இரண்டு வரிசையை 20 டாலருக்குக் கொடுத்தார்கள். லார்சனுக்காக ஒன்று சொல்லலாம். அவர் அந்த வாழ்க்கையைத் தூரத்திலிருந்து பார்த்தவர் இல்லை. ஓட்டலில் பரிமாறிப் பிழைத்து, அந்த நண்பர்களோடு வாழ்ந்தவர். முதல் முன்னோட்டக் காட்சி நடக்க வேண்டிய 1996 ஜனவரி 25ஆம் தேதி விடிகாலையில் செத்துப்போனார். நம் குறத்திப் பாட்டை எழுதியவர்களில் குறவர் யார் என்று கேட்டால், கவிராயர், சாஸ்திரியார், தேசிகர் என்ற பட்டங்களே பதில் சொல்லிவிடும்.

நாடகத்துக்குள்ளேயே இருக்கும் ஓட்டையையும் சொல்லியாக வேண்டும். சிங்கனும் சிங்கியும் சந்திக்கும் கடைசிப் பகுதி. அவள் போட்டிருக்கும் நகைகளைப் பார்த்துச் சிங்கன், இது என்ன பாம்பா, அது என்ன புழுவா என்கிற ரீதியில் கேட்டுக்கொண்டே போவான். அவள் எந்த ஊரில் யார் கொடுத்தது என்று சொல்லிக்கொண்டே போவாள். பாட்டாகக் கேட்டால் பிரமாதம். கேள்வி பதிலின் சந்தத்தில் கூட்டம் சொக்கிவிடும். ஆனால் சிரிப்பு எங்கிருந்து வருகிறது? கொலுசு தெரியாத காட்டான் என்பதிலிருந்து வருகிறது. கூடவே, இவ்வளவு நகை இவளுக்கு யார் கொடுத்தான், எதற்குக் கொடுத்தான் என்ற சந்தேகமும் அந்தக் கேள்விகளுக்குள் ஒளிந்திருக்கிறது. பிற்காலத்தில் கரகாட்டத்தோடு ஒட்டிக்கொண்ட குறவன் குறத்தி ஆட்டம் இந்தச் சந்தேகத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, மலையையும் குறியையும் தூக்கி எறிந்தது. மிஞ்சியது அரைகுறை உடுப்பும் இரட்டை அர்த்தமும்.

அதன் முடிவு 2023இல் வந்தது. ஒரு சமூகத்தின் பெயரால் ஆபாச ஆட்டம் நடப்பதை எதிர்த்து உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு வழக்குப் போனது. அந்த மார்ச் மாதத்தில் தமிழக அரசு நாட்டுப்புறக் கலைகளின் பட்டியலிலிருந்து குறவன் குறத்தி ஆட்டத்தை நீக்கித் தடை செய்தது. அதற்குச் சில மாதம் முன்புதான், 2022 டிசம்பரில், நரிக்குறவரையும் குருவிக்காரரையும் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் மசோதாவை நாடாளுமன்றம் நிறைவேற்றியிருந்தது. குறவர்களில் ஒரு பகுதி தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறது, இன்னும் பல பிரிவுகள் சீர்மரபினர் பட்டியலில். மேடையில் ஒன்றாக்கப்பட்டவர்கள் அரசாங்கத் தாளில் சிதறிக் கிடக்கிறார்கள்.

தடை வந்ததும், கலையைக் கொல்கிறார்கள் என்று சிலர் புலம்பினார்கள். அந்தப் புலம்பலுக்குப் பெரிய மதிப்புக் கொடுக்கத் தேவையில்லை. பள்ளிக்கூடத்தில் தன் சாதிப் பெயரைச் சொன்னதும் பக்கத்து பெஞ்சில் இடுப்பாட்டிக் காட்டுவார்கள் என்று பயப்படும் பிள்ளைக்கு, நாட்டார் கலைப் பாதுகாப்பு என்ன ஆறுதல் தரும்? ஆட்டத்தில் கெட்டுப்போனது பாட்டே இல்லாத பகுதி. அதை வெட்டினால் இழப்பு இல்லை. கரகாட்டக் கலைஞர்களுக்கு வருமானம் குறையும் என்பது மெய். அதற்கு வேறு நிகழ்ச்சி, வேறு வழி பார்க்க வேண்டியது அரசின் பாடு. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இரட்டை அர்த்தத்துக்கு விழுந்த தடை, மலைவளம் பாடுகிற குறத்தியின் மேலும் நிழலாக விழுந்துவிடக் கூடாது. குறத்தி வேஷம் என்றாலே வம்பு என்று பாரதக் கமிட்டிகள் துரோபதை குறவஞ்சியை ஓரங்கட்டினால், அரண்மனைக்குள் புகுந்து அரண்மனையைச் சபிக்கிற ஒரே குறத்தி போய்விடுவாள். மீட்டர் வட்டிக்காரனுக்கும் தாசில்தாருக்கும் நடுவில் பிழைக்கிற ஜனங்களுக்கு அப்படி ஒருத்தி தேவைப்படுகிறாள்.

செய்யக்கூடிய மாற்றம் கூத்துக்குள்ளேயே இருக்கிறது. கட்டியக்காரனுக்கு எந்தப் பிரதியும் முழுசாகக் கிடையாது. அன்றைக்கு ஊரில் நடந்ததை அவன் கேள்வியாக்கலாம். அது மரபு கொடுத்த உரிமை. எந்த மலை என்று கேட்பவன், அந்த மலைக்குப் பட்டா இருக்கிறதா என்றும் கேட்கலாம். எந்த ஊரில் ராத்திரி தங்கினாய் என்று கேட்பவன், அங்கே போலீஸ் வந்ததா என்றும் கேட்கலாம். பாட்டில் ஒரு வரி தொட வேண்டியதில்லை. வேஷத்தைக் கேலி செய்யும் வேலையை மூன்று நூற்றாண்டாகச் செய்தவன், வேஷத்துக்குப் பின்னால் இருக்கும் ஆளைப் பற்றியும் ரெண்டு வார்த்தை கேட்டால் கூத்து ஒன்றும் குறைந்துவிடாது. வாத்தியார்களில் சிலர் இதற்குத் துணிந்தவர்கள். நன்கொடைப் பட்டியலை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறவர்களும் உண்டு.

ஐந்து மணிக்கு மேல் கிழக்கு வெளுக்கும்போது மங்களம் பாடிவிடுவார்கள். குறத்தியாகி, திரும்பப் பாஞ்சாலியாகி, கடைசியில் தன் பெயருக்கே திரும்பிய ஆள், கொட்டாய்க்குப் பின்னால் உட்கார்ந்து தேங்காய் எண்ணெயைத் தடவி அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருப்பார். பாசிமணி பெட்டிக்குள் போகும். மூங்கில் கூடைக்குள் ஜால்ராவையும் மடித்த சேலையையும் வைத்து, கயிறு போட்டுக் கட்டி, வேனில் ஏற்றுவார்கள். செஞ்சி பஸ்ஸுக்கு நிற்பவர்கள், ராத்திரி எந்தக் கண்ணியில் அவர் குரல் பிசிறியது என்று பேசிக்கொண்டிருப்பார்கள். பஸ் வந்து நிற்கும். ஊசிமணி விற்கிற ஒரு பெண் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்படியில் ஏறுவாள். கண்டக்டர் அவளிடம் மட்டும் காசை முதலிலேயே கேட்பார்.